சாவித்துவாரமற்ற கதவு: 'தி சில்ட்ரன்ஸ் ஹவர்' படத்திற்குப் பின்னுள்ள வரலாறு



மாணவர் ஒருவர் ஆசிரியர்மீது குற்றஞ்சாட்டுவதைக் கருவாகக் கொண்ட திரைப்படங்கள் பல உண்டு. அவற்றுள் 1961ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி சில்ட்ரன்ஸ் ஹவர்' என்னும் அமெரிக்கப் படம் கல்வித்துறையில் இருப்போர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும். அதன் கதைக்கு வேராக இருப்பது, ஸ்காட்லாந்தில் 1810ஆம் ஆண்டில் உண்மையாகவே எழுந்த ஒரு குற்றச்சாட்டு.

படம் சொல்லும் கதை

வில்லியம் வைலர் இயக்கிய இப்படத்தில் ஆட்ரி ஹெப்பர்னும் ஷெர்லி மெக்லைனும் கேரன், மார்த்தா என்னும் இரு ஆசிரியைகளாக நடித்துள்ளனர். இருவரும் பல்லாண்டு உழைப்பில் ஒரு பெண்கள் விடுதிப்பள்ளியை உருவாக்கியவர்கள். தண்டனை பெற்ற சினத்தில், மேரி என்னும் மாணவி அவ்விருவருக்கும் இடையே காதலுறவு இருப்பதாகத் தன் பாட்டியிடம் கூறுகிறாள். பாட்டியோ ஊரில் செல்வாக்கு மிகுந்தவர். செய்தி மற்றப் பெற்றோர்களைச் சென்றடைகிறது, பள்ளி வெறிச்சோடுகிறது. ஆசிரியைகள் தொடுத்த அவதூறு வழக்கும் தோல்வியடைகிறது. உண்மை வெளிப்பட்டுப் பாட்டி மன்னிப்புக் கேட்க வருகிறார். ஆயினும் மார்த்தாவின் உயிரை அந்த மன்னிப்பால் காக்க இயலவில்லை.

எடின்பரோவில் நடந்தது

மரியான் வுட்ஸ், ஜேன் பிரி என்னும் இரு ஆசிரியைகள் 1809ஆம் ஆண்டில் எடின்பரோ நகரை அடுத்த டிரம்ஷூ என்னுமிடத்தில் பெண்களுக்கான விடுதிப்பள்ளி ஒன்றைத் தொடங்கினர். கம்மிங் கோர்டன் சீமாட்டி என்னும் உயர்குடிப் பெண்மணி அதற்குப் பெரும் ஆதரவு தந்தார். அவர் தம் பேத்தி ஜேன் கம்மிங்கை அங்குச் சேர்த்தார். அவரது பரிந்துரையால் வேறு குடும்பத்தினரும் தம் பெண்களை அனுப்பினர்.

இந்த ஜேன் கம்மிங்கின் பின்னணி நம் கவனத்திற்குரியது. அவள் தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய சீமாட்டியின் மகன். தாய் ஓர் இந்தியப் பெண். பெற்றோர் முறைப்படி மணம் புரிந்தவர் அல்லர். இந்தியாவில் பிறந்து, சிறுவயதிலேயே ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட அப்பெண், நிறத்தாலும் பிறப்பாலும் தன் வகுப்புத் தோழியரிடமிருந்து வேறுபட்டு நின்றாள்.

1810ஆம் ஆண்டு நவம்பரில் அவள் தன் பாட்டியிடம் ஒரு செய்தியைக் கூறினாள். இரவில் ஆசிரியைகள் இருவரும் ஒரே படுக்கையில் தகாத முறையில் நடந்துகொள்கின்றனர் என்பதே அது. இடநெருக்கடியால் மாணவியர் ஆசிரியையருடன் படுக்கையைப் பகிர்ந்துகொண்ட பள்ளி அது. சீமாட்டி பேத்தியை உடனே அழைத்துக்கொண்டதோடு, மற்றக் குடும்பத்தினரும் தம் பிள்ளைகளை அழைத்துக்கொள்ளும்படி கடிதம் எழுதினார். ஆசிரியைகளை அழைத்து ஒரு சொல் கேட்டாரில்லை. சில நாள்களுக்குள் பள்ளி காலியாயிற்று. எவருடைய பரிந்துரை பள்ளியை வளர்த்ததோ, அவருடைய கடிதமே அதனை மூடியது.

ஒரே ஒரு வாக்கு வேறுபாடு

ஆசிரியைகள் 10,000 பவுண்டு இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தனர். விசாரணை மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடந்தது. பணிப்பெண் ஒருத்தி சாவித்துவாரத்தின் வழியே கண்டாள் என்றும் சொல்லப்பட்டது. அப்பணிப்பெண் அதனை மறுத்தாள்; குறிப்பிட்ட கதவில் அவ்வாறு பார்க்கத்தக்க சாவித்துவாரமே இல்லை என்பதும் தெரியவந்தது.

1811ஆம் ஆண்டில் நீதிபதிகள் 4-க்கு 3 என்னும் கணக்கில் சீமாட்டியின் பக்கம் நின்றனர். மறு ஆய்வில், 1812ஆம் ஆண்டில், அதே 4-க்கு 3 என்னும் கணக்கில் தீர்ப்பு ஆசிரியைகளுக்குச் சாதகமாகத் திரும்பியது. சீமாட்டி பிரபுக்கள் சபைக்கு மேல்முறையீடு செய்தார். 1819ஆம் ஆண்டில் அதுவும் தள்ளுபடியாயிற்று. சட்டம் ஆசிரியைகளை விடுவித்தது. ஆனால் அவர்களின் பள்ளி மீளவில்லை.

இங்கே கசப்பான மற்றோர் உண்மையும் உண்டு. நற்குடியில் பிறந்த பிரித்தானியப் பெண்கள் இத்தகைய செயலில் ஈடுபடவே மாட்டார்கள் என்றும், இவ்வெண்ணம் அச்சிறுமிக்கு இந்தியாவிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்றும் நீதிபதிகள் சிலர் கருதினர். அதாவது, ஆசிரியைகளை நம்புவதற்கு அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று, மாணவியின் பிறப்பை இழிவாகக் காண்பது. ஓர் அநீதியைத் துடைக்க இன்னோர் அநீதி துணைக்கு அழைக்கப்பட்டது.

வழக்கு நாடகமாகிறது

வில்லியம் ரஃப்ஹெட் என்னும் ஸ்காட்லாந்து எழுத்தாளர் இவ்வழக்கைப் பற்றி 1930ஆம் ஆண்டில் எழுதினார். எழுத்தாளர் டாஷியல் ஹாமெட்டின் வழியாக இதனை அறிந்த லில்லியன் ஹெல்மன், கதைக்களத்தை அமெரிக்காவுக்கு மாற்றி நாடகமாக்கினார். 1934ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் அரங்கேறிய அந்நாடகம் 691 முறை மேடையேறியது. பாஸ்டன் நகரிலும் லண்டனிலும் அது தடை செய்யப்பட்டது. வைலர் 1936ஆம் ஆண்டிலேயே இதனைப் படமாக்கினார். அன்றைய தணிக்கை விதி இரு பெண்களின் காதலைக் குறிப்பிடவும் அனுமதிக்காததால், குற்றச்சாட்டு ஓர் ஆணை மையமிட்ட முக்கோணக் காதலாக மாற்றப்பட்டது. விதி தளர்ந்த 1961ஆம் ஆண்டில், அவரே மூலக்கதையோடு மீண்டும் படமெடுத்தார்.

ஹெல்மன் செய்த மாற்றங்களுள் ஒன்றை நாம் உற்றுநோக்க வேண்டும். இந்தியத் தாயின் மகளான ஜேன் கம்மிங், நாடகத்தில் செல்வச் செருக்குள்ள மேரியாகிவிட்டாள். கதை தெளிவு பெற்றது. ஆனால் உண்மையில் இருந்த சிக்கல் மறைந்துபோயிற்று. மேரி பொய் சொல்கிறாள் என்பதில் பார்வையாளருக்கு ஐயமில்லை. ஜேன் கம்மிங் எதைக் கண்டாள், எதைத் தவறாகப் புரிந்துகொண்டாள், எதைக் கற்பனை செய்தாள் என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது.

1952ஆம் ஆண்டில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்ட ஹெல்மன், பிறர் பெயர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். அவ்வாண்டு இறுதியில் இதே நாடகத்தைத் தாமே இயக்கி மீண்டும் மேடையேற்றினார். நாடெங்கும் கம்யூனிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டோர் வேலையிழந்துகொண்டிருந்த காலம் அது. கதையின் பொருள் பார்வையாளருக்கு விளங்காமல் இருந்திருக்காது.

நாம் எண்ண வேண்டியது

இப்படத்தைக் கண்டு, 'பிள்ளைகள் பொய் சொல்வார்கள்' என்னும் முடிவுக்கு வருவது பெரும்பிழை. உண்மையாகவே துன்புற்ற எத்தனையோ பிள்ளைகளின் வாயை அந்த ஒரு தொடர் அடைத்திருக்கிறது. அவ்வாறே, குற்றஞ்சாட்டப்பட்ட நொடியிலேயே ஆசிரியரைக் குற்றவாளியாகக் கொள்வதும் பிழை.

எடின்பரோவில் பாட்டி தம் பேத்தியின் சொல்லுக்குச் செவிசாய்த்தார். பாதுகாப்புக் கருதி அவளை அழைத்துக்கொண்டார். அதுவரை அவர்மீது குறை காண்பதற்கில்லை. அடுத்துச் செய்ய வேண்டிய விசாரணையை விட்டுவிட்டு, கடிதங்கள் எழுத அமர்ந்தாரே, அங்குதான் கேடு தொடங்கியது. 'தீர விசாரிப்பதே மெய்' என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய வேளைகளுக்காகவே.

அன்று கடிதம் ஊர்ந்து சென்று செய்த வேலையை இன்று பெற்றோரின் புலனக் குழு ஒரே இரவில் செய்து முடிக்கிறது. ஆகவே, பிள்ளை ஒன்று வந்து ஆசிரியரைப் பற்றி ஏதேனும் கூறினால், பெற்றோர் பொறுமையாக முழுவதும் கேட்க வேண்டும். சொன்னபடியே குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின் பாதுகாப்பை உறுதிசெய்து, விசாரிக்கும் பொறுப்புள்ளோரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பள்ளி நிருவாகமும் 'பள்ளியின் பெயர் கெடும்' என்று புகாரை மூடி மறைக்கலாகாது. மறைக்கப்பட்ட புகார்தான் பின்னர் வதந்தியாக வெளிவருகிறது.

குழந்தையின் சொல்லைக் கேட்பது ஒரு கடமை. ஆசிரியரைப் பற்றித் தீர்ப்பளிப்பது வேறொரு கடமை. இரண்டுக்கும் இடையே விசாரணை என்ற ஒரு படி இருக்கிறது. அப்படி தாண்டப்பட்டதால் டிரம்ஷூவில் இரு ஆசிரியைகள் தம் பள்ளியை இழந்தனர்; ஒரு மாணவியின் பிறப்பு நீதிமன்றத்தில் இழிவுக்கு ஆளாயிற்று. வாய்ப்பிருப்போர் படத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதுபற்றி உரையாடுங்கள்.