உழைப்பும் வாக்குரிமையும்: இலங்கைப் பெண்கள் வரலாற்றில் ஒரு முரண்பாடு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைப் பெண்களின் நிலையில் ஏற்பட்ட மாற்றத்தை ஆராய்வோர், பெரும்பாலும் கல்வியிலிருந்து தொடங்கி வாக்குரிமையில் முடிப்பர். 1824 இல் தோன்றிய உடுவில் மகளிர் பாடசாலையும், 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய மகளிர் கல்லூரியும், 1931 இல் கிடைத்த சர்வசன வாக்குரிமையும் இவ்வரலாற்றின் மைல்கற்களாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வரலாறு பொய்யன்று, ஆயினும் முழுமையானதன்று. படித்த பெண்கள் ஆசிரியத் தொழிலிலும் மருத்துவத்திலும் அடியெடுத்து வைப்பதற்கு முன்னரே, மலைநாட்டில் பல்லாயிரம் பெண்கள் கூலி உழைப்பாளராகிவிட்டனர்.

கோப்பிப் பயிர்ச்செய்கை நோயினால் அழிய, 1880 களிலிருந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகால உழைப்பே பெரிதும் வேண்டியிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிப்போர் வேண்டியிருந்தனர். எனவே, தென்னிந்தியாவிலிருந்து குடும்பங்கள் வந்து லயங்களில் நிலைகொண்டன. கொழுந்து பறித்தல் பெரும்பாலும் பெண்களின் தொழிலாயிற்று. விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்வது முதல் மாலையில் கொழுந்தின் இறாத்தல் கணக்கு முடியும்வரை அவர்களது நாள் தோட்டத்துக்குரியதாயிருந்தது. அதன் முன்னும் பின்னும் வீட்டுவேலை காத்திருந்தது.

உழைப்பு இவ்வாறிருக்க, ஊதியம் வேறுவிதமாயிருந்தது. இந்தியத் தொழிலாளருக்கான 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டத்துக்கு அமைய 1929 இல் வேதனம் நிர்ணயிக்கப்பட்டபோது, மலைநாட்டின் உயர்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. தொழிலாளரைக் காக்க வந்த சட்டமே பெண்ணின் உழைப்பை மலிவானதென ஏற்று உறுதிசெய்தது.

இதே காலத்திலேயே கொழும்பில் வாக்குரிமை இயக்கம் உருப்பெற்றது. டொனமூர் ஆணைக்குழு இலங்கை வந்திருந்த வேளை, 1927 டிசெம்பரில் மாதர் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அதில் முன்னின்றோர் மேல்தட்டு, மத்தியதரக் குடும்பத்துப் பெண்கள். ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் வேலைசெய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் இவ்வுரிமை வேண்டுமா என்று வினவப்பட்டதாகவும், அவர்களும் பெண்களே என்பதால் நிச்சயமாக வேண்டும் எனத் தாம் விடையிறுத்ததாகவும் சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். மறுபுறத்தில், பெண்கல்விக்குக் கல்லூரி அமைத்த இராமநாதனே பெண்கள் வாக்களிப்பதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்ற கருத்து, அவளுக்கு அரசியல் வேண்டும் என்ற கருத்தாகத் தானே கனிந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்களிக்கலாம் என ஆணைக்குழு விதந்துரைத்தது. ஈற்றில் இருபாலாருக்கும் வயதெல்லை 21 ஆயிற்று. 1931 இல் ருவன்வல்லை இடைத்தேர்தலில் அட்லின் மொலமுறேயும், 1932 இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்துவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். ஆனால், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முன்னெடுத்த பகிஷ்கரிப்பினால் குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் 1931 இல் தேர்தல் நடைபெறவில்லை. முழுமையான சுயாட்சி வேண்டும் என்ற உயர்ந்த நோக்கின் விளைவாக, அங்குள்ள பெண்கள் தம் முதல் வாக்குக்கு 1934 வரை காத்திருக்க நேர்ந்தது.

தோட்டப் பெண்ணின் வாக்கோ தொடக்கத்திலேயே நிபந்தனைக்குட்பட்டது. இலங்கையே தன் நிரந்தர வதிவிடம் என நிறுவ இயலாதவரிடம் கல்வி, சொத்து அல்லது வருமானத் தகைமையோ, நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழோ கோரப்பட்டது. எழுத்தறிவும் சொத்தும் மறுக்கப்பட்டவளிடம் அவற்றையே தகைமையாகக் கேட்பது எத்தகைய நீதி? இந்நிலையில்தான் கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிலாளரின் துயரைப் பாடல்களாக்கி அவர்கள் மத்தியிலே பாடினார். எழுத்தறியாதோரிடமும் அரசியலைக் கொண்டுசெல்லப் பாட்டு வழியாயிற்று. எனினும், 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அதனையடுத்து 1949 இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருட் பெரும்பாலானோரின் வாக்கைப் பறித்தன. பெண்கள் போராடிப் பெற்ற உரிமையை, பெண்களுள் மிகக் கடுமையாக உழைத்தோர் இழந்தனர்.

தோட்டங்களில் ஆண் பெண் இருபாலாருக்கும் சமமான நாட்சம்பளம் 1984 இலேயே கிடைத்தது. நாடற்றோராய் எஞ்சியோரின் பிரசாவுரிமைக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண் வேலைக்குச் செல்வதே விடுதலை என்று கருதுவோர் இவ்வாண்டுகளை எண்ணிப்பார்த்தல் வேண்டும். உழைப்பு பெண்ணை வீட்டுக்கு வெளியே கொணர்ந்தது. ஆயின் அவள் உழைப்புக்குரிய மதிப்பையும் குரலையும் அது தானாகக் கொணரவில்லை. அவை ஒவ்வொன்றும் தனித்தனியே போராடிப் பெறவேண்டியனவாகவே இருந்தன. இலங்கைப் பெண்களின் வரலாறு கல்லூரி வாயிலிலிருந்து மட்டுமன்றி, தேயிலைமலையிலிருந்தும் எழுதப்படும்போதே அது முழுமை பெறும்.