ஆவடிப் பாறையும் ஆகாயக் காந்தமானியும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வழியே செல்வோர் கண்ணுக்கு ஏரியும் செம்மண்ணும் சமவெளியுமே தென்படும். பாறை காணத் தெற்கே பரங்கிமலைக்கோ பல்லாவரத்துக்கோதான் போக வேண்டும். ஆயினும் நிலவியல் நூல்களில் ஆவடிக்குத் தனியிடம் உண்டு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட, ஷேல் எனப்படும் களிமண் பாறைக்கு இவ்வூரின் பெயரையே சூட்டியிருக்கின்றனர்.

இந்நிலப்பரப்பை ஆராய்ந்தவர், 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட். பாலாற்றுக்கு வடக்கேயுள்ள பகுதிகளின் நிலவியல் பற்றிய அவரது அறிக்கை 1873இல் வெளிவந்தது. கிணற்று மண்ணும் ஓடைக்கரையுமே அக்கால நிலவியலாளர்க்குச் சாளரங்கள். கண்ணை மட்டும் நம்புவதில் இடர் உண்டு. அத்திரம்பாக்கத்துக் களிமண் அடுக்கையும் ஆவடிப் பாறை என்றே நெடுங்காலம் எண்ணினர். அதற்குக் கீழே மனிதனைத் தேட வேண்டியதில்லை என்றாயிற்று. சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தபோது அது ஆற்றுப் படிவு என்பதும், அதனுள்ளேயே கற்கருவிகள் உள்ளன என்பதும் தெரியவந்தன. 2011இல் அவற்றுக்கு 15 லட்சம் ஆண்டு அகவை கணித்தபோது, மண்ணில் உறைந்திருந்த தொல்காந்தத் திசையும் ஒரு சான்றாயிற்று.

நிலத்தடியை அறியவும் காந்தமே துணை. கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பகுதியிலிருந்து சென்றது. 1893இல் தாமஸ் ஹாலந்து அவ்வகைப் பாறைக்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். அதில் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாது கலந்திருக்கிறது. ஷேலில் அது மிகச் சொற்பம். ஆகவே மேலே பறக்கும் காந்தமானி களிமண் பாறையை ஊடுருவி, அடியிலுள்ள பழம்பாறையின் ஆழத்தை உணர்த்திவிடும். விக்டர் வாக்கியர் உருவாக்கிய கருவி, இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய பின்னரே நிலவியலுக்கு வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையும் 2017 முதல் பல பகுதிகளில் 300 மீட்டர் இடைவெளிக் கோடுகளில் பறந்து அளந்து வருகிறது.

நம் பக்கம் ஒரு விந்தையும் உண்டு. காந்த நடுக்கோடு தென்முனையை ஒட்டிச் செல்வதால், இங்கே புவிக்காந்தப் புலம் ஏறத்தாழக் கிடையாகவே இருக்கிறது. காந்தப் பாறைக்கு நேர்மேலே அளவு கூடாமல் குறையும்!

ஆலைகள் எழுமுன் எடுக்கும் பதிவே தூயது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. தண்டவாளமும் மின்கம்பியும் வேறு. இன்று இங்கே தாழப் பறந்தால், பாறை எது, பீரங்கி வண்டி எது என்று பிரிப்பதற்கே பாதிப் பொழுது போய்விடும்.