கண்ணுக்குக் கண்: ஓர் அறநெறியின் வரலாறு

'கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்' என்னும் தொடர் பழிவாங்கும் வெறிக்கு எடுத்துக்காட்டாகவே பலராலும் ஆளப்படுகின்றது. மோசேயின் சட்டம் கொடுமையைக் கற்பித்தது. இயேசு பெருமான் அதனை நீக்கி அன்பைக் கற்பித்தார் என்பது பரவலான கருத்து. இதன் பொருத்தத்தை அறிய வேண்டுமாயின், அச்சட்டம் பிறந்த மண்ணையும் காலத்தையும் நோக்குதல் வேண்டும்.

பழங்குடிச் சமுதாயத்தில் ஒருவனுக்கு நேர்ந்த தீங்கு அவன் குலத்துக்கே நேர்ந்த தீங்காகக் கருதப்பட்டது. ஒரு காயத்துக்கு ஓர் உயிரும், ஓர் உயிருக்கு ஒரு குடும்பமும் பலியாதல் உண்டு. ஆதியாகமத்தில் வரும் லாமேக்கு என்பவன், தன் பொருட்டு எழுபத்தேழு மடங்கு பழி வாங்கப்படும் என்று செருக்குடன் கூறுகின்றான். இத்தகைய வரம்பிலாப் பழிக்கு இடப்பட்ட அணையே அச்சட்டம். ஒரு கண்ணுக்கு ஒரு கண். அதற்கு மேல் இல்லை என்பதே அதன் உட்கிடை.

இந்நெறி எபிரேயருக்கு மட்டும் உரியதன்று. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட அம்முராபியின் சட்டத்திலும் இஃது உண்டு. 1901-1902இல் சூசா நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அக்கல்வெட்டு பாரிசு மாநகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆயின் ஆங்கு, மேன்மகன் கண்ணுக்கே கண். எளியவன் கண்ணுக்கு ஒரு மினா வெள்ளி. அடிமையின் கண்ணுக்கு அவன் விலையில் பாதி. யாத்திராகமமோ, அடிமையின் கண்ணையோ பல்லையோ போக்கிய தலைவன் அவனை விடுதலை செய்தல் வேண்டும் என விதிக்கின்றது. அயலானுக்கும் உள்நாட்டானுக்கும் ஒரே நீதி என்கின்றது லேவியராகமம்.

பிற்கால யூத அறிஞர் இச்சட்டத்துக்கு உறுப்பைச் சிதைத்தல் எனப் பொருள் கொள்ளவில்லை. முன்னோர் மரபுகளைத் திரட்டிக் கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிசுனா, உறுப்பிழப்பு, வலி, மருத்துவம், வேலையிழப்பு, மானக்கேடு ஆகிய ஐந்துக்கும் ஈடு தரச் சொல்கின்றது. கன்னத்தில் அறைந்தவன் 200 வெள்ளிக்காசும், புறங்கையால் அறைந்தவன் 400 வெள்ளிக்காசும் இறுத்தல் வேண்டும். புறங்கை அறையில் வலியினும் இழிவே மிகுதி.

மத்தேயு நூலில் இயேசு வலக்கன்னத்தையே குறித்துச் சொல்வது இங்கு நோக்கத்தக்கது. எதிரே நிற்பவன் வலக்கையால் வலக்கன்னத்தில் அறைவது புறங்கையால்தான் எளிதில் இயலும். ஆகவே, இழிவுபடுத்தப்பட்டவன் தனக்குரிய ஈட்டையும் பழியையும் நாடாது விடுவதையே அவர் குறித்தார் என அறிஞர் பலர் கருதுவர். மேலாடை பற்றிய அறிவுரையும் அத்தகையதே. ஏழையிடம் அடகாகப் பெற்ற மேலாடையைக் கதிரவன் மறையுமுன் திருப்பித் தருமாறு மோசேயின் சட்டம் பணித்தது. சட்டம் காத்துத் தந்த அவ்வுடைமையையும் தானே முன்வந்து கொடுக்குமாறு இயேசு கூறினார். சட்டம் பழிக்கு எல்லை வகுத்தது. அவர் அவ்வெல்லைக்குள் நின்ற உரிமையையும் துறக்கச் சொன்னார். பிறனைத் தன்னைப்போல் நேசித்தல் என்னும் அடிப்படையை அவர் எடுத்தாண்டதும் லேவியராகமத்திலிருந்தே.

இவ்வுறவை மறந்ததால் விளைந்த தீமை சிறிதன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்பார் எபிரேய மறையை முற்றிலும் ஒதுக்க முற்பட்டார். திருச்சபை அதனை ஏற்கவில்லை. எனினும், யூதர் இரக்கமற்றவர் என்னும் பழிச்சொல் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நிலைத்துக் கொடுமைகளுக்கு உரமாயிற்று. 1965இல்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதர்மீதான வெறுப்பை வெளிப்படையாகக் கண்டித்தது.

ஓர் அறநூலைப் போற்றுவதற்கு மற்றொன்றை இழித்தல் வேண்டுவதில்லை. வேரை அறிந்தே கனியைச் சுவைத்தல் அறிவுடைமையாகும்.