சிவப்புச் சாயமும் வாழையிலையும்: மலாக்காவில் எது மரபு, யாருடைய மரபு?

மலாக்காவுக்குப் போகிற எவரும் முதலில் போய் நிற்பது அந்தச் சிவப்புச் சதுக்கத்தில்தான். 1650 வாக்கில் டச்சுக்காரர்கள் கட்டிய ஸ்டாட்ஹைஸ் மாளிகை, 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயம் எல்லாம் ஒரே சிவப்பு. எதிரே பூவும் பொம்மையும் விளக்கும் ஜோடித்த மூன்று சக்கர ரிக்‌ஷாக்கள், காது கிழிகிற பாட்டோடு. 'ஆகா, டச்சுக்காரன் நிறம்' என்று சொல்லிக்கொண்டு நாமும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறோம். ஆனால் டச்சுக்காரர்கள் காலத்தில் இந்தச் சுவர்கள் வெள்ளை. சிவப்பு பின்னால் பிரிட்டிஷ் ஆட்சியில் ஏறியது. ஒரு காலனியவாதியின் கட்டிடத்துக்கு இன்னொரு காலனியவாதி அடித்த சாயம் இன்று மூன்றாவது ஒருவருக்கு 'மரபுடைமை' ஆகிவிட்டது. இந்தச் சாயத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

கொஞ்ச தூரம் நடந்தால் கோட்டை வாசல். 1511 ஆகஸ்டில் அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தவுடன் கட்டிய 'ஆ ஃபாமோசா' கோட்டையில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு வாசல்தான். சுல்தான்களின் கல்லறைகளையும் பள்ளிவாசல்களையும் இடித்த கல்லைக் கொண்டுதான் கோட்டை எழுந்தது என்பதைப் போர்த்துக்கீசிய ஏடுகளே கூச்சமில்லாமல் எழுதி வைத்திருக்கின்றன. 1641இல் டச்சுக்காரன் பிடித்தான். 1670இல் தன் கம்பெனி முத்திரையை வாசல்மேல் பதித்தான். 1807இல் பிரிட்டிஷ்காரன் வெடிவைத்து இடித்தான். ராஃபிள்ஸ் தலையிட்டதால் ஒரு வாசல் தப்பியது. அதனால் நாம் பார்ப்பதைக் கோட்டை என்பதைவிட, இடிப்புகளின் அடுக்கு என்பதே சரி.

உண்மையானது இடிந்துபோன ஊரில் நகல்கள் பெருகுகின்றன. சுல்தானின் அரண்மனை 'செஜாரா மெலாயு' தரும் வருணனையை வைத்து 1980களில் மரத்தால் கட்டப்பட்ட நகல். ஆற்றங்கரையில் நிற்கிற 'ஃப்ளோர் டெ லா மார்' கப்பலும் நகல். மலாக்காவில் கொள்ளையடித்த செல்வத்தோடு 1511 இறுதியில் புறப்பட்டு சுமத்ரா கரையோரம் மூழ்கிய அதே கப்பல். கொள்ளை கொண்டுபோன கப்பலையே அருங்காட்சியகமாக்கி, சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள்! 1956 பிப்ரவரி 20இல் விடுதலை நாளைத் துங்கு அப்துல் ரஹ்மான் மக்கள் முன் அறிவித்த திடலில் இன்று 'வீரர் சதுக்கம்' என்ற பெயரிலேயே பெரிய வணிக வளாகம் இருக்கிறது. வரலாறு இங்கே மறைக்கப்படவில்லை. கடைக்கு விளம்பரப் பலகையாகிவிட்டது.

இதையெல்லாம் 'அவர்கள்' செய்கிற காரியமாகச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியுமா? முடியாது என்பதுதான் என் கட்சி.

1512க்கும் 1515க்கும் இடையில் எழுதிய தோமே பிரெஸ், மலாக்காவில் 84 மொழிகள் புழங்கியதாகக் கணக்குச் சொல்கிறார். துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், சீனம், சம்பா, ரியூக்யூவிலிருந்து வருவோருக்கு ஒருவர், ஜாவா, மலுக்கு முதலிய தீவுகளுக்கு ஒருவர், 'கெலிங்' வணிகர், வங்காளிகள், பெகு, பாசை வணிகர்களுக்கு ஒருவர். கெலிங் என்றால் அன்று பெரும்பாலும் சோழமண்டலக் கரைக்காரர்கள். 1748இல் எழுந்த கம்போங் கிலிங் பள்ளிவாசல் அந்தப் பெயரை இன்றும் சுமக்கிறது. அதே சொல் இன்றைய மலேசியாவில் வசை. பெயர்ப்பலகையில் மரபுடைமை, தெருச்சண்டையில் இழிசொல்.

இங்கே வந்ததும் நம்மாட்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள்: 'பாத்தீங்களா, தமிழன் அன்னைக்கே எப்படி வாழ்ந்திருக்கான்!' சரிதான். ஆனால் போர்த்துக்கீசிய ஏடுகள் 'நினா சாத்து' என்று குறிக்கும் தமிழ் வணிகரை என்ன செய்வது? 1509இல் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவியவர். மலாக்கா விழுந்தபின் முஸ்லிமல்லாத வணிகர்களுக்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர். அவர்களோடு பங்கு போட்டுக் கப்பல் அனுப்பியவர். 1514இல் பதவி பறிக்கப்பட்டபோது சிதை மூட்டித் தீப்புகுந்தார் என்று அந்த ஏடுகளே சொல்கின்றன. துரோகி என்றோ தியாகி என்றோ சீட்டு ஒட்டினால் கதை முடிந்துவிடும். துறைமுகத்தில் மூலதனத்துக்கு இனம் இல்லை, அதிகாரத்துக்கு நன்றி இல்லை என்று வாசித்தால்தான் கதை நமக்கு உறைக்கும். 'தமிழன்' என்ற ஒற்றைப் பெருங்கதையாடலுக்குள் இந்த மனிதர் அடங்கமாட்டார்.

அந்த வணிகர்களில் ஒரு பகுதியினர் உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினர். அவர்களின் வழிவந்தவர்கள் மலாக்கா செட்டிகள். 19ஆம் நூற்றாண்டில் வட்டித்தொழிலோடு வந்த நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. டச்சு ஆட்சியின் வணிக ஏகபோகத்தில் கடல் வாணிபம் கைநழுவ, உழவுக்கும் கைத்தொழிலுக்கும் இறங்கினார்கள். பொற்கொல்லர் தெருவில் 1781இல் டச்சு அரசு கொடுத்த நிலத்தில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இவர்களுடையது. நிர்வாகம் மட்டும் நகரத்தார் கையில்.

பேச்சு மலாய். பெண்களுக்குக் கெபாயாவும் சாரோங்கும். கும்பிடுவது சிவனையும் மாரியம்மனையும். போகியன்று 'பார்ச்சு' என்று முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள். வாழையிலையில் நாசி லெமாக், கறி, மலாய்ப் பலகாரம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, 'தமிழ் பேசுவீங்களா?' இல்லை என்று தலையாட்டினால் முகம் சுருங்கிவிடுகிறது. அந்த முகச்சுருக்கத்தைக் கவனிக்க வேண்டும். மலாய்க்காரர் கணக்கில் இந்தியர், தமிழர் கணக்கில் மலாய் பேசும் ஏதோ ஒருவர் என்று இரண்டு பக்கத்து அடையாளக் கணக்கிலும் மிச்சமாக விழுகிறவர்கள் இவர்கள். ஐந்நூறு ஆண்டுகளாகச் செத்தவர்களுக்குச் சோறு வைக்க மறக்காத ஒரு கூட்டத்தைப் பார்த்து, மொழியைத் தொலைத்தவர்கள் என்று தீர்ப்பெழுத நமக்கு யார் உரிமை தந்தது?

2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறின. மலாக்காவின் மையப் பகுதி சுமார் 45 ஹெக்டேர். காஜா பெராங்கில் உள்ள செட்டி கிராமம் அந்தக் கோட்டுக்குள் இல்லை. 2010களில் கிராமத்தை ஒட்டி அடுக்குமாடித் திட்டம் வந்தபோது அவர்கள் தாங்களே எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. கோட்டுக்குள் இருந்தவர்களுக்கும் கதை சுகமில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997இல் நீக்கினார்கள். 1999 இறுதியோடு பாதுகாப்பு போயிற்று. தலைமுறைகளாகக் கடைவீட்டில் குடியிருந்தவர்கள் வெளியேற, கடைவீடுகள் விடுதியும் காபிக்கடையும் ஆயின. சுவர் காப்பாற்றப்படுகிறது; சுவருக்குள் இருந்தவர் காப்பாற்றப்படுவதில்லை.

இன்னொரு கூட்டமும் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் வணிக ரப்பருக்கு அதுதான் தொடக்கம். ஹீரன் தெரு இன்று தாங்கியிருக்கும் பெயருக்குரிய துன் டான் செங் லோக்கும் ரப்பர்த் தோட்டத்தோடு தொடர்புடையவர். அந்தத் தெருவின் ஓட்டுச் சித்திரங்களையும் செதுக்குக் கதவுகளையும் பயணிகள் வியந்து பார்க்கிறார்கள். பின்னாளில் மலாயாவின் தோட்டங்களில் பால் வெட்டிய பெரும்பான்மைத் தமிழர்களின் லயத்து வீடுகளுக்கு எந்தப் பட்டியலும் இல்லை. பலகையும் தகரமும் மட்கிப்போகும். மட்காத பொருளில் வீடு கட்ட முடிந்தவனின் நினைவே மரபுடைமை ஆகிறது.

மலாக்காவுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள். சிவப்புச் சதுக்கத்தையும் பாருங்கள், அது எப்போது சிவந்தது என்ற கேள்வியோடு. பிறகு கோட்டைத் தாண்டிக் காஜா பெராங் வரை நடந்து போங்கள். அங்கே 'தமிழ் பேசுவீங்களா?' என்று தொடங்க வேண்டாம். இலையில் என்ன வைத்திருக்கிறார்கள், யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.