ஆற்றின் எல்லையும் அரசின் எல்லையும்

ஐரோப்பாக் கண்டத்தின் தேசப்படத்தை இரண்டு விதமாக வரையலாம். நேயர்களுக்குப் பள்ளிப் பருவந்தொட்டுப் பழக்கமான படம், போர்களும் உடன்படிக்கைகளும் வரைந்த படம். அதிலே பிரான்ஸ் ஒரு நிறம். ஜேர்மனி மற்றொரு நிறம். 1752ஆம் ஆண்டிலே பிலிப் புவாஷ் என்னும் பிரெஞ்சுப் புவியியலாளர் வேறொரு படத்தைப் பாரிஸ் அறிஞர் சபையின் முன் வைத்தார். மலைமுகடுகளை வேலியாகக் கொண்டு, ஒவ்வோர் ஆற்றுக்கும் மழைநீர் வழிந்து சேரும் நிலப்பரப்பைத் தனித்தனியே பிரித்துக் காட்டிய படம் அது. அவருடைய கற்பனை சிலவிடங்களிலே கட்டுக்கடங்காது ஓடிற்று. கடலுக்கடியிலும் மலைத்தொடர்களை இழுத்துச் சென்று கண்டங்களை இணைத்துவிட்டார். எனினும் பூமியை ஆறுகளின் வடிநிலங்களாகக் காணவேண்டும் என்ற எண்ணம் அழியாது நின்றது.

அவ்வெண்ணம் ஐரோப்பா முழுவதற்கும் சட்டமாவதற்கு ஏறக்குறைய 250 ஆண்டுகள் சென்றன. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி ஐரோப்பியப் பாராளுமன்றமும் அமைச்சர் மன்றமும் நீர்ச் சட்டகப் பணிப்புரை என்பதனை நிறைவேற்றின. நாடுகள் தம் நீரை மாகாணவாரியாகப் பங்குபோட்டு ஆளுதல் போதாது. வடிநிலத்தை ஓர் ஆட்சிப் பிரிவாகக் கொண்டு, அதற்கொரு முகாமைத் திட்டம் வகுத்து, ஆறாண்டுக்கொருமுறை அதனைத் திருத்தி எழுதுதல் வேண்டும் என்று அது விதித்தது. ஆறும் ஏரியும் கரையோரக் கடலும் நிலத்தடி நீரும் 2015ஆம் ஆண்டளவில் “நல்ல நிலை” எய்துதல் வேண்டும் என்று தவணையும் குறித்தது. இத்தகைய துணிவு சட்டம் எழுதுவோருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய விரும்புவோர் றைன் ஆற்றின் வரலாற்றைப் பார்த்தல் வேண்டும்.

றைன் ஆறு அல்ப்ஸ் மலையிலே தோன்றி, நெதர்லாந்தின் தாழ்நிலங்களைக் கடந்து வடகடலிற் கலப்பது. அதன் வடிநிலத்திலே ஒன்பது நாடுகள் பங்கு கொண்டுள்ளன. ஏறத்தாழ ஆறு கோடி மக்கள் அங்கே வாழ்கின்றனர். அவர்களுட் பாதிப்பேர் குடிப்பது இவ்வாற்றின் நீரை. இதன் நீளம் 1,320 கிலோமீற்றர் என்று கலைக்களஞ்சியங்கள் பல்லாண்டுகளாக ஓதிவந்தன. 2010ஆம் ஆண்டிலே கொலோன் நகரத்து உயிரியலாளர் ஒருவர் பழைய நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, உண்மையான நீளம் ஏறக்குறைய 1,230 கிலோமீற்றரே என்பதும், எவரோ இலக்கங்களை இடம்மாற்றி எழுதிவிட, பின்வந்தோரெல்லாம் அதனையே பார்த்தெழுதினர் என்பதும் புலனாயின. கரையெங்கும் அளவுக் கம்பங்கள் நாட்டப்பெற்ற ஆற்றுக்கே இந்தக் கதி!

நீளத்தை மனிதர் ஏட்டிலே கூட்டியது பிற்காலத்துப் பிழை. அதற்கு முன்னரே அவர்கள் ஆற்றை உண்மையாகவே குறைத்திருந்தனர். பாடன் நாட்டுப் பொறியியலாளர் யோகான் கொட்பிறீட் டுல்லா என்பவரின் திட்டப்படி 1817ஆம் ஆண்டிலே தொடங்கிய வேலை, அவர் இறந்து நெடுங்காலத்தின் பின் 1876இல் முடிவுற்றது. பாம்புபோல் வளைந்தோடிய மேல் றைன் நேர்க்கால்வாய் போலாக்கப்பட்டு, பாசலுக்கும் பிங்கனுக்கும் இடையே 81 கிலோமீற்றர் குறைந்தது. வெள்ளத்தாலும் சதுப்புநிலக் காய்ச்சலாலும் வருந்திய கிராமங்களுக்கு அது பெருநன்மை. ஆனால் விரைந்தோடத் தொடங்கிய நீர் படுக்கையை அரித்தது. கிளையாறுகளும் கரைக்காடுகளும் வறண்டன.

இந்த ஆற்றைப்பற்றி அரசுகள் முதலில் உடன்பட்டது கப்பலுக்காக. 1815ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டிலே பிறந்த றைன் கப்பற்போக்குவரத்து ஆணைக்குழு இன்றும் இருந்துவருகிறது. அடுத்து மீனுக்காக உடன்பட்டனர். சால்மன் மீன் கடலிலே வளர்ந்து, முட்டையிட ஆற்றின் தலைப்பகுதிக்கு மீள்வது. 1885ஆம் ஆண்டிலே நெதர்லாந்திலும் ஜேர்மனியிலும் றைனிலிருந்து ஏறக்குறைய இரண்டரை இலட்சம் சால்மன்கள் பிடிக்கப்பட்டனவாம். கீழ்நாட்டார் வலையைக் குறைக்காவிடின் மேல்நாட்டாருக்கு மீன் இல்லை என்ற வழக்கினால் அவ்வாண்டே பெர்லினில் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வலையை ஒழுங்கு செய்த அவ்வொப்பந்தத்தால் அணையையும் ஆலைக் கழிவையும் தடுக்க முடியவில்லை. 1950களிலே சால்மன் றைனிலிருந்து மறைந்துபோயிற்று.

நீரின் தூய்மைக்கென்று ஓர் அமைப்புத் தோன்றியது 1950ஆம் ஆண்டு யூலை மாதத்திலே. யுத்தம் ஓய்ந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த வேளையில், நெதர்லாந்து, ஜேர்மனி, பிரான்ஸ், லக்சம்பேர்க், சுவிற்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் பாசலிலே கூடி றைன் பாதுகாப்பு ஆணைக்குழுவை அமைத்தன. அழைத்தவர் யாரென்று கேட்கவேண்டுவதில்லை. ஆற்றின் வாயிலே இருந்து, மேலேயுள்ளவர் கழித்ததையெல்லாம் பருகிவந்த ஒல்லாந்தரே அவர்கள்.

உப்பு வழக்கு இதனைத் தெளிவாகக் காட்டும். பிரான்சின் அல்சாஸ் பகுதியிலே பொற்றாசுச் சுரங்கங்கள் இருந்தன. உரத்துக்கான பொற்றாசைப் பிரித்தபின் எஞ்சிய சாதாரண உப்பைச் சுரங்கத்தார் றைனிலே கரைத்துவிட்டனர். ஆறு அதனைச் சுமந்து பல நூறு கிலோமீற்றர் சென்று, நெதர்லாந்திலே கண்ணாடி வீடுகளிற் பூவும் காய்கறியும் வளர்ப்போரின் பாத்திகளிலே சேர்த்தது. 1974ஆம் ஆண்டிலே அத்தோட்டக்காரர் றொற்றர்டாம் நீதிமன்றிலே வழக்கிட்டனர். பிரான்சிலே செய்த செயலை ஒல்லாந்து நீதிமன்று விசாரிக்கலாமா என்ற கேள்வி ஐரோப்பிய நீதிமன்றுக்குச் சென்றது. செயல் நிகழ்ந்த இடத்திலோ தீங்கு விளைந்த இடத்திலோ, வழக்காளி விரும்பிய இடத்தில் வழக்கிடலாம் என்று 1976 நவம்பரில் அந்நீதிமன்று தீர்த்தது. ஆற்றின் வழியே நீதியும் எல்லையைக் கடந்த நாள் என்று அதனைக் கூறலாம்.

சில நாட்களின் பின், அவ்வாண்டு டிசம்பரில், அரசுகள் உப்புச் சமவாயத்திலே கையொப்பமிட்டன. உப்பை நிலத்தினடியிலே செலுத்துவதென்றும் செலவைப் பகிர்வதென்றும் முடிவாயிற்று. எவ்வாறு பகிர்ந்தனர்? பிரான்சுக்கு நூற்றுக்கு 30, ஜேர்மனிக்கு 30, சுவிற்சர்லாந்துக்கு 6, நெதர்லாந்துக்கு 34. தீங்குக்கு ஆளானவனே பெரும்பங்கு செலுத்தித் தீங்கைக் குறைக்கும்படி கேட்டுக்கொண்டான். அப்படியிருந்தும் காரியம் நடக்கவில்லை. தம் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று அல்சாஸ் மக்கள் எதிர்த்தனர். பிரெஞ்சுப் பாராளுமன்றம் சமவாயத்தை ஏற்கவில்லை. 1979 டிசம்பரில் நெதர்லாந்து தன் தூதுவரைப் பாரிசிலிருந்து திருப்பியழைத்தது. ஒரே பொருளாதார சமூகத்தைச் சேர்ந்த இரு நேச நாடுகளிடையே, உப்புக்காகத் தூதுவர் திரும்பியழைக்கப்பட்டார்! சமவாயம் 1985இலேயே நடைமுறைக்கு வந்தது. இறுதியில் உப்பை நிறுத்தியது சட்டமன்று. பொற்றாசு தீர்ந்து 2002இலே சுரங்கம் மூடப்பட்டமையே.

1986 நவம்பர் முதலாந் திகதி விடியுமுன், பாசலுக்கருகே சுவைட்சர்ஹாலே என்னுமிடத்தில் சான்டொஸ் கம்பனியின் இரசாயனப் பண்டகசாலை தீப்பற்றியது. தீயணைப்பதற்குப் பாய்ச்சிய நீர், பூச்சிகொல்லிகளைத் தொன்கணக்கிற் கழுவிக்கொண்டு ஆற்றிலே வீழ்ந்தது. சாயம் கலந்து ஆறு செந்நிறமாயிற்று. நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு விலாங்கு மீன்கள் மாண்டு மிதந்தன. பல்லாண்டு பேச்சுவார்த்தை அசைக்காத மனங்களை அச்சிவப்பு நீர் சில வாரங்களில் அசைத்துவிட்டது. அடுத்த ஆண்டே றைன் செயற்றிட்டம் பிறந்தது. நச்சுக் கழிவுகளை 1995ஆம் ஆண்டுக்குள் பாதியாகக் குறைப்பதும், 2000ஆம் ஆண்டளவில் சால்மன் மீண்டு வருவதும் அதன் இலக்குகள். இலக்கை இலக்கங்களாலன்றி ஒரு மீனாற் குறித்தமை நல்ல யோசனையென்றே நான் கருதுகிறேன். மீன் வந்ததா இல்லையா என்பதைக் கரையிலுள்ள எவரும் கேட்கலாமன்றோ?

வடிநில ஆட்சியின் முன்னோடிகள் பிறவிடங்களிலும் இருந்தன. ஸ்பெயின் தேசம் 1926இலேயே எப்ரோ ஆற்றுக்கென ஒரு கூட்டமைப்பை நிறுவியது. பிரான்ஸ் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாட்டை ஆறு வடிநிலங்களாகப் பிரித்தது. ஆயின் வடிநிலவாரியாக ஆண்டால் ஆறு தானே தூயதாகும் என்று எண்ணுதல் பிழை. ஜேர்மனியின் றூர் நிலக்கரிப் பிரதேசத்திலே எம்ஷர் என்றொரு சிற்றாறு உண்டு. சுரங்கங்களால் நிலம் தாழ்ந்துகொண்டேயிருந்தபடியால் அங்கே நிலத்தடிக் குழாய்கள் நிலைக்கமாட்டா. ஆகவே 1899இல் நகரங்களும் சுரங்கத்தாரும் வடிநிலக் கூட்டுறவு ஒன்றை அமைத்து, எம்ஷரைக் கொங்கிறீற்றுக்குள் அடக்கித் திறந்த சாக்கடையாக்கினர். அயலிலே ஓடிய றூர் ஆறு குடிநீருக்கென்று காக்கப்பட்டது, எம்ஷர் பலியிடப்பட்டது. செய்தது ஒழுங்கான வடிநில முகாமையே. ஆறு எதற்கு என்ற கேள்விக்கு அன்றையோர் அளித்த விடைதான் வேறு. 1992இலே அந்தக் கூட்டுறவே ஆற்றை மீட்கத் தொடங்கிற்று. ஆழத்திலே பெருங்குழாய்கள் பதித்து, ஏறக்குறைய 550 கோடி யூரோ செலவிட்டபின், 2021ஆம் ஆண்டு முடிவிலேதான் எம்ஷர் சாக்கடை நீரினின்று விடுபட்டது.

2000ஆம் ஆண்டுப் பணிப்புரை அந்தக் கேள்விக்கான விடையையும் சேர்த்தே விதித்தது. நீரை ஆய்ந்து, மிகநன்று முதல் மிகத்தீது வரை ஐந்து தரங்களாக வகுத்து, நீலம், பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று படத்திலே நிறமிடல் வேண்டும். மீன், பாசி, பூச்சி முதலிய உயிர்களுள் ஒன்று நலிந்திருந்தாலும் ஆறு முழுவதும் அந்த நலிந்த தரத்தையே பெறும். திட்ட நகலைப் பொதுமக்கள் முன் வைத்து ஆறு மாதம் கருத்துக் கேட்டல் வேண்டும். நீர்ச் சேவைக்கான செலவை, மாசு செய்பவனே செலுத்துதல் என்ற விதியைத் தழுவி ஈடுசெய்தல் வேண்டும். நூற்றுக்கு 34 கொடுத்த ஒல்லாந்தர் இவ்விதியைப் படித்தபோது என்ன நினைத்தனரோ!

முதற் திட்டங்களுக்குத் தவணை 2009 டிசம்பர். றைன் நாடுகள் பழைய ஆணைக்குழுவின் துணையுடன், ஒன்றியத்திற் சேராத சுவிற்சர்லாந்தையும் உடன்வைத்து, வடிநிலம் முழுவதற்கும் பொதுவான திட்டமொன்றை இசைத்து எழுதின. 1926இலே முன்னோடியாயிருந்த ஸ்பெயினோ தவணை தப்பியது. உரிய திட்டங்களை நிறைவேற்றாமைக்காக 2012இல் ஐரோப்பிய நீதிமன்று அதற்கெதிராகத் தீர்ப்பளித்தது.

நீதிமன்றின் வேறொரு தீர்ப்பு இன்னும் ஆழமானது. பெரிய கப்பல்கள் வருவதற்காக ஜேர்மனியின் வேசர் ஆற்றை ஆழமாக்கப் புறப்பட்டபோது, இயற்கை பேணும் சங்கமொன்று வழக்கிட்டது. மொத்தத் தரம் மாறவில்லையே என்று அரசு வாதித்தது. ஏதேனும் ஓர் அம்சம் ஒரு தரம் தாழ்ந்தாலும் அது சீர்கேடே. அவ்வாறான வேலைக்கு அனுமதியளித்தல், சட்டம் கூறும் விதிவிலக்கு இல்லாவிடில், ஆகாது என்று 2015 யூலை முதலாந் திகதி தீர்ப்பாயிற்று. திட்ட ஏடு வெறும் நல்லெண்ண அறிக்கை என்று கருதியிருந்த அதிகாரிகள் அன்றுதான் திடுக்கிட்டனர்.

விதிவிலக்குக்களோ பலவாயின. தவணை நீட்டிப்புக்கும் இலக்குத் தாழ்த்தலுக்கும் சட்டத்திலேயே வழி இருந்தது. அரசுகள் அவ்வழியைத் தாராளமாகப் பயன்படுத்தின. 2015 போயிற்று, 2021 போயிற்று, இயற்கையே தாமதத்துக்குக் காரணமாயிருந்தாலன்றி 2027க்கு மேல் நீட்டிக்க இடமில்லை என்பது விதி. ஐரோப்பியச் சுற்றாடல் முகவரகம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, மேற்பரப்பு நீர்நிலைகளுள் நூற்றுக்கு 37 மாத்திரமே சூழலியல் அளவில் நல்ல நிலையையோ அதற்கு மேலான நிலையையோ எய்தியிருந்தன. ஆலைக்குழாயின் வாயை அடைப்பது எளிது; எண்ணிறந்த வயல்களிலிருந்து கசியும் உரத்தையும், நூற்றாண்டு பழைய கொங்கிறீற்றையும் அகற்றுவது அவ்வாறன்று.

சால்மன் மீண்டது. ஆற்றின் வாயிலே ஹாறிங்ப்லீற் மதகுகளை மீனுக்காக ஒல்லாந்தர் 2018 முதல் சற்றுத் திறந்துவைக்கின்றனர். மேலே இஃபெட்ஸ்ஹைம் அணையில் 2000இலும், காம்ஸ்ஹைம் அணையில் 2006இலும், ஸ்ராஸ்பேர்க்கில் 2016இலும், கெர்ஸ்ற்ஹைமில் 2019இலும் மீன்வழிகள் அமைந்தன. 2020ஆம் ஆண்டளவில் மீன் பாசல் வரை செல்லும் என்று 2013இலே அமைச்சர்கள் பாசலில் கூடி உறுதியளித்தனர். 2020 பிறந்தபோது கெர்ஸ்ற்ஹைமுக்கு மேலுள்ள மின்னணைகள் மீனுக்கு வழிவிடாது நின்றன. அவ்வாண்டு பெப்ரவரியில் அமைச்சர்கள் அம்ஸ்ரர்டாமில் மீண்டுங் கூடி, புதிய தவணையாக 2040ஐக் குறித்தனர்.