கமுதி வழக்கின் கட்சிக்காரர்கள்

அருப்புக்கோட்டையில் 1970இல் தொடங்கிய கல்லூரியின் முழுப்பெயர் சைவபானு ஷத்திரிய கல்லூரி. அவ்வளவு நீளமாக ஊரில் யாரும் சொல்வதில்லை. எஸ்.பி.கே. காலேஜ் என்றால் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். அந்தக் கடைசி எழுத்துக்குள் ஒரு பழைய வாதம் உட்கார்ந்திருக்கிறது. மதுரை சப் கோர்ட்டில் வைக்கப்பட்டு, சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய், 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்ற வாதம் அது. வாதம் தோற்றது, பெயர் நின்றது. இது எப்படி நடந்தது என்று தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது சாதிப் பெருமைக் கதையல்ல. வக்கீல்களின் வேலை பற்றிய கதை.

நான் வேலை பார்க்கும் துறையில் 'கார்ப்பரேட் வழக்கு' என்றால் பெங்களூரிலோ மும்பையிலோ ஒரு கண்ணாடிக் கட்டடம், மணிக்கணக்கில் பில் போடும் சட்ட நிறுவனம், மூவாயிரம் பக்கம் மின்னஞ்சல் ஆதாரம். இந்த வானம் பார்த்த பூமியில் அப்படியொன்று ஒருநாளும் இருந்ததில்லை என்றுதான் தோன்றும். ஆனால் பெரிய கட்சிக்காரர்கள் இங்கே இரண்டு வகை இருந்தார்கள். ஒன்று ஜமீன். இன்னொன்று உறவின்முறை. இரண்டுமே தனி மனிதரைவிட நீண்ட ஆயுள் உள்ளவை. சொத்து, வரவு, கணக்குப்பிள்ளை எல்லாம் உடையவை. ஒரு தலைமுறை தாண்டியும் வழக்கு நடத்தும் தெம்பு அவற்றுக்குத்தான் உண்டு.

முதலில் ஏணியின் கடைசிப் படியைப் பார்த்துவிடலாம். திருச்சுழியில் சுந்தரம் ஐயர் என்று ஒருவர் வக்கீலாக இருந்தார். ரமண மகரிஷியின் தகப்பனார். சிறுவயதில் மாதம் 2 ரூபாய்க்கு ஒரு கணக்குப்பிள்ளையிடம் எழுதும் வேலைக்குச் சேர்ந்து, பிராது எழுதப் பழகி, அந்தப் பழக்கத்தின் பலத்தில் உள்ளூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆஜராக அனுமதி வாங்கினார். சட்டப் பரீட்சை எழுதவில்லை, சன்னது இல்லை. 1879இல் வந்த சட்டத் தொழிலர் சட்டம் வக்கீல்களைத் தரம் பிரித்துக் கட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தது. என்றாலும் கிரிமினல் கோர்ட்டில், மாஜிஸ்திரேட் சம்மதித்தால் இன்னாரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிராமத்து ஜனங்களுக்கு அது வசதி. ராத்திரி வண்டிப் பாதையில் மறித்த கள்ளர்கள், உள்ளே இருப்பது சுந்தரம் ஐயர் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள் என்று ரமணர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பின்னே, நாளைக்குப் பிடிபட்டால் அவரிடம்தானே போக வேண்டும் என்று எனக்குத் தோன்றும். 1892இல் அவர் இறந்துபோனார். நான் சொல்லவரும் வழக்கு அதற்கு ஐந்து வருஷம் கழித்து, அதே குண்டாற்றங்கரையில், கீழே கமுதியில் தொடங்கியது.

சுந்தரம் ஐயரின் படிக்கு மேலே முன்சீப் கோர்ட் வக்கீல்கள். அதற்கு மேலே மதுரை. அதற்கு மேலே 1862 முதல் சென்னை ஹைகோர்ட். அங்கே வக்கீல் தனி, பாரிஸ்டர் தனி, அட்டர்னி தனி. கடைசியில் லண்டன். ஒவ்வொரு படியிலும் வழக்கு வேறு மொழிக்கும் வேறு உடைக்கும் மாறும். கமுதிக்காரர் ஒருவர் கூண்டில் ஏறித் தமிழில் சொன்ன சாட்சியம் ஆங்கிலத்தில் பதிவாகும். தமிழ் ஆவணங்கள் மொழிபெயர்க்கப்படும். மேல்முறையீட்டுக்காக எல்லாம் அச்சேறும். மொழிபெயர்ப்புக் கட்டணம், அச்சுக்கூலி, கோர்ட் ஸ்டாம்பு எல்லாம் கட்சிக்காரர் தலையில். அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்ததே 1960களில்தான். அன்றைக்கு மதுரை வாய்தாவுக்குப் போக வேண்டுமென்றால் விருதுபட்டி வரை மாட்டுவண்டி, அங்கிருந்து ரயில்.

ராமநாதபுரம் ஜமீனுக்கு இந்த ஏணி பழகிய ஏணி. 1803இல் நிரந்தர ஜமீனாக ஆன பிறகு வாளுக்கு வேலை போய்விட்டது. வாரிசுச் சண்டைகள் கோர்ட்டுக்கு வந்தன. பக்கத்துச் சிவகங்கையில் காத்தம நாச்சியார் நடத்திய வழக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஓடி 1863இல் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. ராமநாதபுரத்தின் பெரிய வழக்கு 1868இல் முடிந்தது. புருஷன் அனுமதி தராமல் இறந்துபோன நிலையில், ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் பங்காளிகளின் சம்மதத்தோடு சுவீகாரம் எடுத்தது செல்லுமா என்பது கேள்வி. செல்லாது என்றால் ஜமீன் சர்க்காருக்கு. மதுரை கலெக்டரே எதிர்க்கட்சி. ராணி தரப்பு வென்றது. அந்தத் தீர்ப்பில் இன்றைக்கும் சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஒரு கருத்து உண்டு: இந்து சட்டத்தில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திர வாசகத்தைவிடக் கனமானது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்தச் சுவீகார மகனின் மகன்தான் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணை நின்றவர், வள்ளல், கடனில் முங்கியவர். அவர் உட்கார்ந்திருந்த ஜமீனே 'வழக்கம் பெரிது' என்று லண்டன் சொன்னதன் மேல் நின்றது. கமுதியில் அவர் வக்கீல்கள் கையில் எடுத்த ஆயுதமும் வழக்கம்தான்.

இனி அடுத்த கட்சிக்காரர். அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுபட்டி, சிவகாசி ஆகிய ஊர்களில் நாடார் வியாபாரிகள் பருத்தி, புகையிலை, கருப்பட்டி என்று வண்டி கட்டிக் கொண்டுபோய் விற்றார்கள். வழியில் வண்டியும் சரக்கும் பத்திரமாக நிற்க பேட்டைகள் கட்டினார்கள். பேட்டையைப் பராமரிக்க, ஊருக்குள் வரும் போகும் சரக்கின் மேல் மகமை என்று ஒரு சிறு தொகை வைத்தார்கள். மகமையை நிர்வகித்தது உறவின்முறை. எந்தக் கம்பெனிச் சட்டத்திலும் பதிவாகாத நிறுவனம், ஆனால் கணக்கு கச்சிதம். மகமை, வீட்டுக்கு வீடு வாங்கிய பிடி அரிசி ஆகியவற்றைக் கொண்டு விருதுபட்டியில் 1889இலேயே ஷத்திரிய வித்யாசாலையை நடத்தத் தொடங்கிவிட்டார்கள். காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது. கையில் பணம் வந்தாச்சு, பள்ளிக்கூடம் வந்தாச்சு, கோயிலுக்குள் மட்டும் போகமுடியாது என்பதுதான் அன்றைய நிலை.

1897 மே மாதம் 14ஆம் தேதி கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் பதினைந்து நாடார்கள் நுழைந்து தாங்களே பூஜை செய்தார்கள் என்பது வாதியின் பிராது. பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் பாஸ்கர சேதுபதி மதுரை சப் கோர்ட்டில் சிவில் வழக்குப் போட்டார். கேட்டது மூன்று: இவர்களுக்கும் இவர்கள் சமூகத்தார் எவருக்கும் நுழையும் உரிமை இல்லை என்று விளம்புகை, நிரந்தரத் தடையுத்தரவு, சுத்திகரிப்புச் சடங்குச் செலவுக்கு 2,500 ரூபாய். அந்தக் கடைசிக் கோரிக்கையைப் படித்துவிட்டுச் சற்று நேரம் மேலே போகாமல் இருந்தேன். தீண்டாமைக்கு இன்வாய்ஸ் போட்டிருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். கட்சிக்காரர் வந்து சொல்வது ஒரு மனக்குமுறல்: நாங்களும் மனுஷன்தானே, சாமி எல்லாருக்கும் பொதுதானே. அதை அப்படியே எழுதிக் கொடுத்தால் 1898இல் எந்த கோர்ட்டும் எடுத்துக்கொள்ளாது. சமத்துவம் என்றொரு ஷரத்து அன்றைக்குச் சட்டப் புத்தகத்தில் இல்லை. கோயிலில் யாருக்கு எதுவரை அனுமதி என்பதற்கு அளவுகோல் வழக்கமும் ஆகமமும். என் தொழிலிலும் வாடிக்கையாளரின் ஆசை ஒன்று, மென்பொருள் ஏற்கும் உள்ளீடு வேறொன்று. நடுவில் இருந்து மாற்றிக்கொடுக்கிறவன் ஏதோ ஒன்றைத் தொலைத்துத்தான் மாற்றுவான். வக்கீல்கள் மாற்றியது இப்படி: ஒன்று, எங்களுக்கு உள்ளே போய்க் கும்பிடும் வழக்கம் இருந்தது. இரண்டு, எங்களைக் கள்ளிறக்கும் தொழிலோடு சேர்த்துத் தள்ளிவைப்பது தவறு. நாங்கள் ஷத்திரியர், பாண்டிய வழி.

முதல் வாதத்துக்குச் சாட்சி வேண்டும். அங்கேதான் முடிச்சு. தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவர்கள், உள்ளே போன வழக்கத்தை எப்படி நிரூபிப்பது? விலக்கலே வழக்கமாக இருக்கும் ஊரில் 'வழக்கம்' என்ற அளவுகோல் நடுநிலையானது அல்ல. அது ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்த தராசு. இரண்டாவது வாதம் சிக்கலானது. ஷத்திரியர் என்று நிரூபித்தால் கதவு திறக்கும் என்பது உண்மையாகவே இருந்தாலும், நிரூபிக்க முடியாத மற்றவர்களுக்குக் கதவு மூடியே இருப்பது சரி என்று அதற்குள் ஒப்புக்கொண்டாகிறது. கதவை எதிர்க்கவில்லை, கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் வரிசையில் தங்கள் இடத்தைத்தான் எதிர்த்தார்கள். இது வக்கீல்களின் குறுகிய புத்தி என்று நான் நினைக்கவில்லை. கோர்ட்டில் இருந்த வாசல் அவ்வளவு அகலம்தான். ஆனால் அந்த வாதத்தின் விலையைச் சொல்லாமல் இந்தக் கதையை வீரக்கதையாக மட்டும் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வெளியே ரத்தம் சிந்தியது. 1899 ஜூன் மாதம் சிவகாசி தாக்கப்பட்டது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் கொள்ளை, தீவைப்பு. அடுத்த மாதமே, ஜூலையில், மதுரை சப் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. சேதுபதிக்கு வெற்றி; தடையுத்தரவு உண்டு; சுத்திகரிப்புச் செலவு மட்டும் 500 ரூபாயாகக் குறைந்தது. வழக்கமும் நிரூபணமாகவில்லை, ஷத்திரியர் என்பதும் நிரூபணமாகவில்லை.

ஹைகோர்ட் அப்பீல் நிலுவையில் இருந்தபோதுதான், என் கணக்கில், இந்த வழக்கின் மிக விசித்திரமான திருப்பம். ஜெயித்த சேதுபதி, தோற்ற நாடார்களோடு ராஜிக்கு வந்தார். ராஜிநாமா என்ற சொல்லுக்கு இன்றைக்கு வேலையை விடுவது என்று பொருளாகிவிட்டது. கோர்ட் பாஷையில் அது சமரசப் பத்திரம். இரண்டு கட்சியும் ஒத்துப்போனால் வழக்கு முடிந்தது என்றுதானே நாம் நினைப்போம்? கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. கோயில் சேதுபதியின் சொந்தச் சொத்தல்ல, அவர் அறங்காவலர் மட்டுமே. வழக்கத்துக்கு மாறாக ஒரு பகுதியாரை உள்ளே விட அறங்காவலர் சம்மதித்தால், அது நம்பிக்கைத் துரோகம். சமரசத்தை எதிர்த்த மற்ற வழிபாட்டாளர்கள் வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். 1901இல் ஹைகோர்ட் அப்பீலைத் தள்ளியது. 1903இல் பாஸ்கர சேதுபதி இறந்தார். மகன் ராஜராஜேஸ்வர சேதுபதி பெயரில் வழக்கு லண்டனுக்குப் போனது. கீழிரண்டு கோர்ட்டும் ஒரே மாதிரி கண்ட சம்பவ உண்மைகளைப் பிரிவி கவுன்சில் சாதாரணமாகத் தொடுவதில்லை. 1908இல் அங்கேயும் தோல்வி. சட்ட அறிக்கைகளில் இது சங்கரலிங்க நாடான் எதிர் ராஜராஜேஸ்வர துரை.

பதினோரு வருஷச் செலவு. வேறொரு குழுவாக இருந்தால் அத்தோடு ஒடிந்திருக்கும். ஆனால் ஊர் ஊராகப் பணம் திரட்டி, பொதுவான ஒரு காரியத்துக்குச் சேர்ந்து நிற்கும் பழக்கம் வளர்ந்திருந்தது. 1910இல் நாடார் மகாஜன சங்கம். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி, பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. உறவின்முறை இப்போது கம்பெனிச் சட்டத்தில் பதிவான உடம்பு எடுத்துக்கொண்டது. அதே 1921இல் அரசு ஆவணங்களில் பழைய இழிபெயரை விட்டுவிட்டு நாடார் என்று எழுத உத்தரவு வந்தது. கோர்ட் ஏற்காத 'ஷத்திரிய'வைப் பள்ளிக்கூடப் பலகையில் எழுத யார் தீர்ப்பும் வேண்டியிருக்கவில்லை.

கமுதி வழக்கின் சட்டப் பின்விளைவு வேறொரு பக்கம் போய் வெடித்தது. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஒரு சிறு குழுவை அழைத்துச் சென்றார். கக்கன் உட்படத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஐந்து பேர், அவர்களோடு ஒரு நாடார். வைத்தியநாதய்யர் மதுரையில் பேர்பெற்ற வக்கீல். அன்றைய பிரதமர் ராஜாஜியும் சேலத்து வக்கீல். கதவைத் திறக்க மனமிருந்தால் போதாது, திறந்த நிர்வாகி மீதே நம்பிக்கைத் துரோகம் என்று வழக்குப் போடமுடியும் என்பது இருவருக்கும் தெரியாமல் இருக்காது. சேதுபதி மனம் மாறியபோது நடந்தது அதுதானே. சில நாட்களுக்குள் அவசரச் சட்டம் வந்தது, பிறகு முழுச் சட்டம். அதன் பெயரிலேயே இரண்டு வேலை இருக்கிறது: சென்னை ஆலயப் பிரவேச அங்கீகார, இழப்பீட்டுக் காப்புச் சட்டம். அங்கீகாரம், இனி உள்ளே போகிறவர்களுக்கு. இழப்பீட்டுக் காப்பு, ஏற்கெனவே கதவைத் திறந்துவிட்டவர்களுக்கு. அந்தச் செயலுக்காக அவர்கள் மேல் வழக்கு நிற்காது. எல்லாக் கோயில்களுக்கும், எல்லா இந்துக்களுக்கும் என்று ஆவதற்கு 1947 சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.