"வரலாறு எனக்கு என்னத்துக்கு சேர்?" என்று கேட்ட மாணவனும் ஒரு ஜேர்மன் மோட்டார் சைக்கிளும்

போன மாதம் தரம் 11 வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து நின்று நேரடியாகவே கேட்டான். "சேர், ஓ.எல். முடிஞ்சதும் நான் மாமாட கராஜுக்குத்தான் போகப் போறன். எனக்கு என்னத்துக்கு வரலாறு?"

எனக்குக் கோபம் வரவில்லை. கேள்வியில் நியாயம் இருந்தது. அவன் கிழமையில் மூன்று நாள்தான் பாடசாலைக்கு வருகிறான். மற்ற நாட்களில் கராஜில் நிற்கிறான். கையில் கிரீஸ் கறையோடு வரும் பிள்ளையிடம் "வரலாறு கட்டாய பாடம், படி" என்று சொன்னால் அது பதில் ஆகாது.

இடைவேளையில் அவனே போனை நீட்டினான். பி.எம்.டபிள்யூ கம்பனியின் ஆர் 1300 ஜி.எஸ். மலை, மண், தார் ரோடு எல்லாவற்றிலும் நீண்ட தூரம் போகச் செய்த பெரிய பைக். "பாருங்க சேர், எல்லாத்தையும் மாத்திட்டாங்க. எஞ்சின் புதுசு, சேசிஸ் புதுசு, லைட் புதுசு. முன்னால ராடார் கூட பூட்டலாம்."

"எல்லாமே புதுசா மகன்? அந்த எஞ்சின் ரெண்டு பக்கமும் காது மாதிரி வெளியே நிக்குதே, அது ஏன்?"

அவனுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த நாள் இரண்டு பாடவேளைகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன். வகுப்பில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பெரியவர்களுக்கும் பயன்படலாம்.

விமானத்திலிருந்து பைக்குக்கு

முதலாம் உலகப் போர்க் காலத்தில் பி.எம்.டபிள்யூ செய்தது காரும் இல்லை, பைக்கும் இல்லை. விமான எஞ்சின். போரில் ஜேர்மனி தோற்றது. 1919இல் வெர்சாய்ல்ஸ் உடன்படிக்கை வந்தது. நம் பிள்ளைகள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் அதே உடன்படிக்கைதான். அதன் விளைவாக விமான எஞ்சின் செய்யத் தடை. தொழிற்சாலை இருக்கிறது, திறமையான ஆட்கள் இருக்கிறார்கள், செய்வதற்கு வேலை இல்லை. ரயில் வண்டிக்கு பிரேக் செய்து கொடுத்துக் காலத்தை ஓட்டினார்கள். சிறிய எஞ்சின்கள் செய்து பைக் கம்பனிகளுக்கு விற்றார்கள்.

அந்தச் சிறிய எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள். பைக்கில் பூட்டும்போது ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலுமாக வரும். அதில் ஒரு கோளாறு இருந்தது. என்ன கோளாறு என்று நான் சொல்ல வாயைத் திறக்கும் முன் பின்வாங்கிலிருந்து அவனுடைய குரல் வந்தது: "பின்சிலிண்டர் சூடாகும் சேர். முன்னால உள்ளது காத்தை மறிக்கும்."

சரியான விடை. வகுப்பில் முதலிடம் எடுக்கும் பிள்ளைகள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விமான எஞ்சின் வடிவமைத்துப் பழகிய மக்ஸ் ஃபிரிட்ஸ் என்ற பொறியியலாளர் அந்த எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். இப்போது இரண்டு சிலிண்டர்களும் இரு பக்கமும் வெளியே நிற்கும், இரண்டுக்கும் ஒரே அளவு காற்று படும். பின்சில்லைச் சுழற்ற செயினுக்குப் பதிலாக ஷாப்ட் வைத்தார். அதுதான் ஆர் 32. 494 சீசீ, 8.5 குதிரைவலு. 1923 செப்டெம்பரில் பேர்லின் கண்காட்சியில் அதை வைத்தார்கள். இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் உள்ளே வருவது குத்துச்சண்டைக்காரன் தன் இரு கையுறைகளையும் தட்டுவது போல இருப்பதால் இந்த வகை எஞ்சினுக்கு 'பொக்ஸர்' என்று பெயர்.

ஆக, போனில் அவன் காட்டிய பைக்கின் 'காது' ஒரு அலங்காரம் இல்லை. போரில் தோற்று, கைத்தொழிலையும் இழந்த ஒரு கூட்டம் தேடிக் கண்டுபிடித்த வழி அது.

மறைக்கக் கூடாத பக்கம்

இதோடு நிறுத்தினால் நான் விளம்பரம் செய்கிறேன் என்று ஆகிவிடும். இரண்டாம் உலகப் போரில் இதே கம்பனி நாஸி இராணுவத்துக்காக உழைத்தது. பக்கப்பெட்டி பூட்டிய அதன் ஆர் 75 பைக்குகள் வட ஆபிரிக்கப் பாலைவனம் வரை போயின. மியூனிக் நகருக்குப் பக்கத்தில் அல்லாக் என்ற இடத்திலிருந்த அதன் விமான எஞ்சின் தொழிற்சாலையில், டாக்காவ் வதைமுகாமின் கைதிகள் உட்பட ஏராளமானோர் பலவந்தமாக வேலை வாங்கப்பட்டார்கள்.

போர் முடிந்ததும் மறுபடியும் தடை. அலுமினியத்தில் சட்டி பானை செய்து விற்றார்கள். 1948இல்தான் ஆர் 24 என்ற சிறிய பைக்கோடு திரும்பி வந்தார்கள்.

"அப்ப அது நல்ல கம்பனியா கெட்ட கம்பனியா சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அது வரலாறு இல்லை என்றேன். திறமையையும் எழுத வேண்டும், அநியாயத்தையும் எழுத வேண்டும். ஒன்று மற்றதை அழிக்காது.

மூடப் போன தொழிற்சாலை

1960களின் கடைசியில் பைக் உற்பத்தியை மேற்கு பேர்லினில் ஸ்பண்டாவ் என்ற பகுதிக்கு மாற்றினார்கள். பனிப்போர்ப் பாடத்தில் வருகிற அதே பேர்லின். நகரத்தைச் சுற்றி மதில், மதிலுக்கு அப்பால் கிழக்கு ஜேர்மனி. தனித் தீவு போன்ற ஒரு நகரத்தில் ஒரு தொழிற்சாலை என்றால் அங்குள்ள குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கிடையே ஜப்பான் எழுந்து நின்றது. 1969இல் ஹொண்டா சீ.பி. 750 வந்தது. நான்கு சிலிண்டர், முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். நம்பகமான பைக், அதற்கேற்ற நியாயமான விலை. பழைய ஐரோப்பிய கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. 1970களின் முடிவில் பி.எம்.டபிள்யூவுக்குள்ளேயே "பைக் பகுதியை மூடிவிடலாமா?" என்ற பேச்சு வந்துவிட்டது.

புதிதாக ஒரு எஞ்சின் செய்யக் காசும் இல்லை, காலமும் இல்லை. ஆனால் அங்கே வேலை செய்த சிலர் ஏற்கனவே ஒரு காரியம் செய்து வைத்திருந்தார்கள். லாஸ்லோ பெரெஸ் என்பவர் இருக்கிற பொக்ஸர் எஞ்சினை எடுத்து, காடு மேடு ஓட்டும் போட்டிக்காக எடை குறைந்த ஒரு பைக்கைக் கட்டியிருந்தார். நிர்வாகம் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டது. இருக்கிற பாகங்களை வைத்தே இரண்டு வருடத்துக்குள் ஒரு பைக்கைச் சந்தைக்குக் கொண்டு வந்தார்கள்.

1980இல் வந்த அந்த பைக்தான் ஆர் 80 ஜி/எஸ். ஜேர்மன் மொழியில் 'கெலேண்டே' என்றால் கரடுமுரடான நிலம், 'ஷ்ட்ராஸே' என்றால் வீதி. இரண்டின் முதல் எழுத்துகள்தான் ஜி, எஸ். 800 சீசீக்குக் கொஞ்சம் குறைவு, 50 குதிரைவலு, டேங்க் நிரம்ப பெற்றோலோடு 186 கிலோ. பின்சில்லை ஒரு பக்கக் கை மட்டுமே தாங்கியது. டயர் போனால் கார் சில்லைக் கழற்றுவது போலக் கழற்றி எடுக்கலாம். அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய எஞ்சினோடு மண் ரோட்டிலும் ஓடும் பைக் ஒன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. பலர் சிரித்தார்கள்.

சிரிப்பை நிறுத்தியது பாரிஸ்-டக்கார் ஓட்டப் போட்டி. பிரான்ஸிலிருந்து சஹாரா பாலைவனம் கடந்து செனகல் வரை போகும் போட்டி அது. 1981இலும் 1983இலும் ஹியூபர்ட் ஓரியோல் இந்த பைக்கில் வென்றார். 1984இலும் 1985இலும் பெல்ஜியம் நாட்டு கஸ்டோன் ரஹியே வென்றார். ரஹியே உயரம் குறைந்தவர். அந்தப் பெரிய பைக்கில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் நிலத்தில் முட்டாது. அப்படியிருந்தும் இரண்டு முறை வென்றார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

எடை கூடிய கதை

பிறகு வந்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு குறைக்குப் பதில். ஷாப்ட் வைத்த பைக்கில் அக்சிலேட்டரை முறுக்கினால் பின்பக்கம் மேலே எழும்பும். 1987இல் ஆர் 100 ஜி.எஸ்ஸில் இரட்டை மூட்டு வைத்து அதைக் குறைத்தார்கள். 1990களில் ஆர் 1100 ஜி.எஸ்ஸில் நான்கு வால்வு எஞ்சினும், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் குத்திக்கொண்டு இறங்காத புதிய அமைப்பும், விரும்பினால் ஏ.பி.எஸ்ஸும் வந்தன.

ஆனால் ஒவ்வொரு நன்மையோடும் எடை ஏறியது. 186 கிலோவில் தொடங்கியது ஆர் 1100இல் 243 கிலோ ஆனது. வலு கூடியது, வசதி கூடியது. விழுந்தால் தூக்கி நிறுத்த ஓட்டுநரின் கை அதே கைதான்.

2004இல் நடிகர் இவான் மெக்கிரெகரும் அவருடைய நண்பர் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்காகப் புறப்பட்டு ஐரோப்பா, மொங்கோலியா, சைபீரியா வழியாக நியூயோர்க் வரை ஓட்டினார்கள். அவர்கள் முதலில் கேட்ட கம்பனி கைவிரித்தது, பி.எம்.டபிள்யூ ஆர் 1150 ஜி.எஸ் அட்வென்சர் பைக்குகளைக் கொடுத்தது. அந்தப் பயணத் தொடரைப் பார்த்தே உலகம் முழுக்கப் பலர் இந்தப் பெயரை அறிந்தார்கள். ஆனால் அதே பயணத்தில் கமராக்காரரின் பைக்குடைய சேசிஸ் உடைந்தது. வழியில் வெல்டிங் பிடித்தார்கள். பிறகு அவர் ரஷ்யத் தயாரிப்பான ஒரு மலிவு பைக்கை வாங்கிக்கொண்டு மொங்கோலியாவில் ஓட்டினார். இதைச் சொன்னதும் நமது மாணவன் சிரித்தான். "சாமான் கூட ஏத்தினா எந்த பைக்கும் அப்பிடித்தான் சேர்." கராஜ் அனுபவம்!

அதே வருடம் வந்த ஆர் 1200 ஜி.எஸ் முந்தியதைவிட ஏறக்குறைய 30 கிலோ குறைவு. 2013இல் காற்றால் மட்டும் ஆறாது என்று எஞ்சினுக்கு நீரும் விட்டார்கள். பழைய ஓட்டுநர்கள் "இது ஜி.எஸ்ஸே இல்லை" என்றார்கள். அப்படிச் சொன்ன பலர் பிறகு அதையே வாங்கினார்கள். எடை மறுபடியும் ஏறி ஆர் 1250இல் 249 கிலோவில் வந்து நின்றது. 2023 ஜூனில் பொக்ஸர் எஞ்சின் பூட்டிய பத்து இலட்சமாவது ஜி.எஸ், மூட நினைத்த அதே தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது.

நூறு வருடம் கழித்து

2023 செப்டெம்பரில், ஆர் 32 காட்டப்பட்டு நூறு வருடம் நிறைந்தபோது, அதே பேர்லினில் ஆர் 1300 ஜி.எஸ்ஸைக் காட்டினார்கள். 1300 சீசீ, 145 குதிரைவலு, 237 கிலோ. வலு கூடியும் எடை 12 கிலோ குறைந்திருக்கிறது. எப்படி? எஞ்சினுக்குப் பின்னால் இருந்த கியர் பெட்டியை எஞ்சினுக்குக் கீழே கொண்டு போனார்கள். நீளம் குறைந்தது. குழாய்களால் செய்த சேசிஸை விட்டுவிட்டுத் தகட்டை அழுத்திச் செய்த சேசிஸ் வைத்தார்கள். பெற்றோல் டேங்க் 19 லீட்டர். 1980இன் டேங்க் 19.5 லீட்டர். ஏறத்தாழ அங்கேயே திரும்பி வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. விரும்பினால் ஒரு அமைப்புப் பூட்டலாம். பைக் நிற்கப் போகும்போது தானாகவே 30 மில்லிமீற்றர் பணியும், ஓடத் தொடங்கினால் மறுபடி உயரும். ரஹியேயின் கால் முட்டாத அந்தப் பிரச்சினை இருக்கிறதே, அதற்கு ஏறக்குறைய 40 வருடம் கழித்துக் கிடைத்த பதில் இது.

இவ்வளவையும் மாற்றினார்கள். மக்ஸ் ஃபிரிட்ஸ் குறுக்காகத் திருப்பி வைத்த அந்த இரண்டு சிலிண்டர்களை மட்டும் மாற்றவில்லை. ஷாப்டையும் விடவில்லை. எதை விட வேண்டும், எதை வைத்திருக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். வரலாறு எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

நான் கல்வியியற் கல்லூரியில் படித்தபோது எங்கள் விரிவுரையாளர் ஒருவர், பிள்ளையின் கையில் இருக்கும் பொருளிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள் என்று சொல்லித் தந்தார். எட்டு வருடமாகப் படிப்பித்தும் அதை நான் உண்மையாகச் செய்தது இந்த முறைதான். வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிள்ளையை நான் பின்வாங்குக்காரன் என்று எண்ணியிருந்தேன். 1923இல் ஒரு பொறியியலாளர் முகம் கொடுத்த பிரச்சினையை அவன் ஒரு நொடியில் பிடித்தான்.

அவன் பரீட்சை எழுதுவானா என்று எனக்கு இன்னும் உறுதியில்லை. இந்தக் கிழமை நான்கு நாள் வந்திருக்கிறான்.

ஆகவே நமது ஊரில் கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குவது நல்ல காரியம், அதை நிறுத்தச் சொல்லவில்லை. பரீட்சை முடியும் வரை பாடசாலை நேரத்தில் மட்டும் அவர்களை எங்களிடம் அனுப்புங்கள். இரண்டு மணிக்குப் பிறகு உங்களிடமே வருவார்கள்.

இன்னுமொன்று. பழைய பைக் வைத்திருக்கும் பெரியவர்கள், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, எந்த வருடம் எடுத்தது, எதற்காக எடுத்தது, எதைக் கழற்றி எதைப் பூட்டினீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த பாடத்தை அங்கிருந்து தொடங்க நினைத்திருக்கிறேன்.